ஏரோப்ளேனுக்குத் திருஷ்டி கழிச்ச கதை

எங்க பக்கத்துல எது கெட்டுப் போனாலும் ரெண்டே காரணந்தான். ஒண்ணு கரண்டு, இன்னொண்ணு கண்ணு. மோட்டார் எரிஞ்சா கரண்டு. எரியாமலே தண்ணி வரலேன்னா கண்ணு. மாடு பால் கொறைச்சா கண்ணு, பொண்ணுக்கு வரன் தள்ளிப் போனா கண்ணு. நான் டென்த்து மேக்ஸ்ல ரெண்டு தடவை ஊத்திக்கினதுகூட கண்ணுதான்னு எங்க நைனா இன்னைக்கும் சொல்லிக்கினு இருக்காரு. (நான் அந்த புக்கைத் தொறந்ததே இல்ல. தொறக்காத புக்கு மேல எவன் கண்ணு வச்சிருப்பான்னு அவரு ஒரு நாளும் கேக்கல.)

இப்படி வளந்த ஒருத்தனைக் கொண்டுபோயி ஏரோப்ளேன் சாமான் டெஸ்ட் பண்ற எடத்துல விட்டது யார் தப்பு? எங்க மாமா தப்பு.

மாமான்னா எங்க அக்கா ரேவதியோட வீட்டுக்காரரு, முனிரத்னம். திருப்பதியில இருந்து சித்தூர் போற ரோட்டுல, பாகாலா வர்றதுக்கு முன்னால ஒரு தொழில்பேட்டை இருக்குது. அதுல ஒரு ஷெட்டு. வெளிய இருந்து பாத்தா செங்கல் சூளை மாதிரி இருக்கும். உள்ள போனாலும் அப்படித்தான் இருக்கும், ஆனா ஏசி ரூம் ஒண்ணு உண்டு. அங்க மாமாதான் பர்னர் ஆபரேட்டரு. நான் ஐடிஐயைப் பாதியில வுட்டுட்டு, கார்வேட்டிநகரம் பஸ் ஸ்டாண்டுல போற வர்றவங்களைக் கலாய்ச்சிக்கினு கெடந்தப்ப, அக்கா தொல்லை தாங்காம என்னைத் தன் வீட்டுலயே தங்க வச்சு ஹெல்பரா சேத்துவுட்டாரு. சேத்துவுட்ட அன்னைக்கு ஒரே ஒரு கண்டிசன் போட்டாரு.

"டில்லி, கையி காலு எது வேணும்னாலும் ஆட்டிக்கோ. வாயி மட்டும் ஆடக் கூடாது."

பாவம், மனுசன் தப்பா கணக்குப் போட்டுட்டாரு. கடைசியில எல்லாமே சேந்துதான் ஆடுச்சு.

அங்க இன்னா வேலைன்னா, ஏரோப்ளேன் எஞ்சின்ல தப்பித்தவறி நெருப்பு புடிச்சுக்கிச்சின்னா, அது றெக்கை பக்கமோ ஆளுங்க பக்கமோ வந்துடக் கூடாது. அதுக்கு நடுவுல ஒரு தடுப்பு இருக்கும். அந்தத் தடுப்பு செய்யுறவங்க சாமானை எங்ககிட்ட கொண்டாருவாங்க. நாங்க கொளுத்துவோம். ஆயிரத்து நூறு டிகிரி நெருப்பை அது மூஞ்சி மேல பதினஞ்சு நிமிசம் அடிப்போம். முன்பக்கம் நெருப்பு, பின்பக்கம் நாங்க. பின்பக்கம் ஓட்டை வுழக் கூடாது, தீ தெரியக் கூடாது. அவ்ளோதான் பரீட்சை. (என் பரீட்சையிலயும் நான் பதினஞ்சு நிமிசந்தான் தாங்குவேன். அதுக்கு மேல பேப்பரைக் குடுத்துட்டு வந்துருவேன். எனக்கு மட்டும் யாரும் சர்டிபிகேட் தரல.)

இந்தக் கதையில பாவப்பட்ட ஆளு பாஷ்யம் சாரு. திருப்பதி ஐயங்காரு. அண்ணன் தம்பிங்க எல்லாம் கோயில் கைங்கர்யத்துல இருக்க, இவரு மட்டும் இஞ்சினீரு படிச்சிட்டு, வரதய்யபாளையம் கிட்ட சின்னதா ஒரு யூனிட்டு போட்டு, நெருப்புல வேகாத மெத்தை செஞ்சிக்கினு இருந்தாரு. உள்ள வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒண்ணு, ரெண்டு பக்கமும் மெல்லிசா ஸ்டீல் தகடு. அதான் அந்தத் தடுப்பு, பேனலுன்னு சொல்லுவாங்க. அதைத் தைக்கிறதுக்கு அந்த ஊரு பொம்பளைங்க ஒரு பத்து பேரு. எங்க ஷெட்டுக்கு வர்றப்பல்லாம் நெத்தியில பளிச்சுனு திருமண், சட்டைப் பையில கால்குலேட்டரு, கையில ஒரு டப்பா புளியோதரை. (எனக்கு அவரு மேல இருந்த பக்தியில முக்கால்வாசி அந்த டப்பா மேலதான்.)

அவரு சாமான் ரெண்டு தடவை ஃபெயிலு. மொதல் தடவை நட்ட நடுவுல ஓட்டை. ரெண்டாவது தடவை ஓரத்துல தையல் பிரிஞ்சு தீ நாக்கை நீட்டி எங்களுக்கு வக்கணை காட்டுச்சு. மூணாவது டெஸ்டுக்கு முந்தின நாளு பேனலை எறக்கி வச்சிட்டு, வேர்வையைத் தொடைச்சிக்கினே சொன்னாரு.

"டில்லி, இதான் கடைசி. இதுவும் போச்சுன்னா ப்ளேன் கம்பெனிக்காரா வேற ஆளைப் பாத்துப்பாளாம். தைக்கிறவாள்ல பாதி பேருக்கு இப்பவே வேலை இல்ல. நான் யூனிட்டை மூடிட்டு அண்ணாவோட மடப்பள்ளிக்குப் போயிட வேண்டியதுதான்."

"அங்க போயி இன்னா சார் பண்ணுவீங்க?"

"அங்கயும் அடுப்புதான்டா. ஆனா அங்க வெந்தாத்தான் பாஸு."

நான் சிரிச்சேன். அவரு சிரிக்கல. அப்பதான் எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

அந்த நேரம் பாத்து எதிர்ல டீக்கடை வச்சிருக்குற சுப்பண்ணா கிளாஸ் எடுக்க வந்தாரு. பேனலைப் பாத்தாரு. "அப்பா, எந்த பாகுந்திரா, அத்தம் மாதிரி மெரிசிபோதுந்தி"ன்னாரு. கண்ணாடி மாதிரி மின்னுதாம். "ஈசாரி பாஸே சாமி, ராசி இஸ்தா"ன்னு, இந்தத் தடவை பாஸுதான்னு எழுதிக் குடுக்குற மாதிரி சொல்லிட்டு, கிளாஸைப் பொறுக்கிக்கினு போனாரு. லேப் இன்சார்ஜ் ஸ்ரீலதா மேடம் வந்தாங்க, "சூப்பரா வந்திருக்கு சார்"னாங்க. எங்க மாமா வேற தட்டிப் பாத்துட்டு, "கல்லு மாதிரி இருக்குது சார், ஒண்ணும் ஆவாது"ன்னாரு.

போன ரெண்டு தடவையும் இதே டீக்கடை, இதே மேடம், இதே மாமா, இதே பாராட்டு. பஞ்சுல கோளாறு இல்ல, தையல்ல கோளாறு இல்ல. கண்ணு. படிச்சவங்க அத்தினி பேரு கம்ப்யூட்டர்ல தேடிக்கினு இருந்ததை நான் ஒரு டீ குடிக்கிற நேரத்துல கண்டுபுடிச்சிட்டேன். அன்னைக்கு என் மூளையை நெனைச்சு எனக்கே பொறாமையா இருந்துச்சு.

மறுநாள் காலையில கூட்டிப் பெருக்கணும்னு சொல்லி, மாமாவுக்கு முன்னாடியே கெளம்பிட்டேன். கெளம்புறப்ப அக்கா சமையக்கட்டுல இருந்து கல்லுப்பு கொஞ்சம் எடுத்துக்கினேன். மிளகா டப்பாவைத் தொறந்தப்பதான் ஒரு சந்தேகம். எத்தினி எடுக்கிறது? அக்கா தன் பொண்ணுக்கு சுத்துறப்ப ஏழு மிளகா எடுப்பா. அது மூணு அடி கொழந்தை. ஏரோப்ளேன் எத்தினி அடி? அதுல எத்தினி பேரு குந்திக்கினு போவாங்க? மேக்ஸ்ல ரெண்டு தடவை ஊத்திக்கின நான், அன்னைக்குப் போட்டேன் பாருங்க ஒரு கணக்கு. டப்பாவையே கவுத்துக்கினேன். கால் கிலோ இருக்கும். குண்டூர் மிளகா, நல்லா காஞ்சது.

ஷெட்டுல யாரும் இல்ல. பேனலை நேத்து சாயந்திரமே ஃப்ரேமுல மாட்டியாச்சு. தொழில்பேட்டை முச்சந்தியில ஒரு புடி மண்ணு அள்ளிக்கினு வந்து, உப்பு, மிளகா, மண்ணு எல்லாத்தையும் ரெண்டு கையிலயும் ஏந்திக்கினு, எங்க அக்கா எப்படி செய்வாளோ அப்படியே வலம் மூணு, இடம் மூணு சுத்துனேன். யார் யாரு கண்ணுன்னு பேரு சொல்லிச் சொல்லி சுத்துனேன். தூ தூ தூன்னு மூணு தடவை துப்பினேன். கடைசியில பேனலைத் தொட்டுக் கும்பிட்டேன். பக்தியில எனக்கே மயிர் கூச்செரிஞ்சிது.

இப்ப ஒரு சிக்கல். சுத்துனதை நெருப்புல போடணும். பர்னரைத் தொட எனக்கு அனுமதி இல்ல, தொட்டா மாமா கையை ஒடைச்சிடுவாரு. வேற அடுப்பும் இல்ல. அப்ப தோணுச்சு, இன்னும் கொஞ்ச நேரத்துல இதே எடத்துல ஆயிரத்து நூறு டிகிரி வரப் போவுது. எங்க ஊருல சுள்ளியில பத்த வச்சே அத்தினி திருஷ்டி போவுதுன்னா, இந்த நெருப்புக்கு இன்னா ஆவும்? முன்பக்கம் வச்சா மாமா கண்ணுல பட்டுரும். அதனால பின்பக்கம், பேனலை இறுக்கிப் புடிச்சுக்கினு இருக்குற இரும்பு ஃப்ரேமோட அடியில ஒரு பள்ளம் மாதிரி இருந்துச்சு, அதுல எல்லாத்தையும் பரப்பி வச்சேன். வச்சிட்டு நல்ல புள்ளை மாதிரி பெருக்கிக்கினு நின்னேன்.

பத்து மணிக்கு இன்ஸ்பெக்டரு வந்தாரு. மிஸ்ரா சாரு. பெங்களூர்ல வேலை, ஊரு எங்கியோ வடக்க. சாயந்திரம் ரேணிகுண்டாவுல ப்ளேன் புடிக்கணும்னு வந்தவுடனே சொல்லிட்டாரு. சிரிக்கிறதுக்குத் தனியா டிஏ குடுத்தாத்தான் சிரிப்பேன்ற மாதிரி ஒரு மூஞ்சி. பேனலை முன்னால பாத்தாரு, பின்னால பாத்தாரு. நான் மூச்சைப் புடிச்சுக்கினேன். ஆனா அவரு பாத்தது பேனலை. ஃப்ரேமோட அடியை எவன் குனிஞ்சு பாப்பான்.

மார் ஒசரத்துக்கு ஒரு கண்ணாடித் தடுப்பு. அதுக்கு இந்தப்பக்கம் மிஸ்ரா சாரு, பாஷ்யம் சாரு, மேடம். நான் மூலையில, தொடப்பமும் கையுமா. முன்பக்கத்துப் புகையை இழுக்கிறதுக்கு மேல பெரிய கூண்டு ஃபேனு இருக்குது. பின்பக்கத்துக்கு ஒண்ணும் கெடையாது. ஏன்னா பின்பக்கம் புகையே வரக் கூடாது, அதுக்குத்தானே டெஸ்டே.

மாமா பர்னரைப் பத்த வச்சாரு. சூடு ஏறுறவரைக்கும் அதைத் தனியா ஒரு பக்கம் எரிய விட்டுட்டு, சரியான டிகிரி வந்ததும் அப்படியே திருப்பி பேனல் மூஞ்சிக்கு நேரா கொண்டாந்து நிறுத்தினாரு. பஸ்ஸு கத்துற மாதிரி ஒரே இரைச்சல். மேடம் வாட்சை அமுக்குனாங்க. பாஷ்யம் சாரு வாயி முணுமுணுத்துக்கினே இருந்துச்சு.

ஒரு நிமிசம், ரெண்டு நிமிசம், ஒண்ணும் இல்ல. பின்பக்கம் கண்ணாடியாட்டம் அப்படியே நிக்குது. நான் மனசுக்குள்ள சுப்பண்ணாவைப் பாத்து, போடா உன் கண்ணும் நீயும்னு சொல்லிக்கினேன்.

அப்பதான் பட்டுனு ஒரு சத்தம். அப்புறம் பட பட பட.

மிஸ்ரா சாரு தலையைச் சாய்ச்சுக் கேட்டாரு. "வாட் இஸ் தட் சவுண்ட்?"

பாஷ்யம் சாரு மூஞ்சி சுண்ணாம்பு ஆயிடுச்சு. "தெரியல சார். இது மாதிரி சத்தம் வந்ததே இல்ல."

எனக்குத் தெரிஞ்சுது. கல்லுப்பு. சூடு பட்டா வெடிக்கும். எங்க வீட்டுல தீபாவளிக்குக் காசு இல்லேன்னா இதைத்தான் அடுப்புல போட்டு சிரிப்போம். மிஸ்ரா சாரு சத்தம் வருதுன்னு எழுதிக்கினாரு. எழுதி முடிக்கிறதுக்குள்ள, ஃப்ரேமுக்கு அடியில இருந்து நூலு மாதிரி ஒரு புகை கெளம்புச்சு.

"பின்னால புகை," மேடம் மெதுவா சொன்னாங்க.

பாஷ்யம் சாரு கண்ணாடித் தடுப்பைப் புடிச்சுக்கினாரு. "தையல்ல இருந்து வரதா? எங்க இருந்து வரது? டில்லி, நோக்கு அங்க இருந்து தெரியறதா?"

எனக்குத்தான் எல்லாம் தெரியுதே. இப்ப நியாயமா நான் வாயத் தொறந்திருக்கணும். ஊரெல்லாம் கலாய்க்கிற வாயி, அன்னைக்குன்னு பாத்து பசை போட்ட மாதிரி ஒட்டிக்கிச்சு. சொன்னா மாமா வேலை போவும், சொல்லலேன்னா பாஷ்யம் சாரு பொழப்பு போவும். நான் யோசிச்சேன். (நான் யோசிச்சாலே எதுன்னா ஒரு சேதாரம் இருக்கும்.) யாரும் பாக்காதப்போ தொடப்பத்தை நீட்டி அந்த மிளகாயைத் தள்ளி வுட்டுட்டா புகை நின்னுடும், அப்புறம் ஒரு பிரச்சனையும் இல்ல.

தடுப்பு ஓரமா குனிஞ்சு, வாத்து மாதிரி நடந்து போயி, தொடப்பத்தை ஃப்ரேமுக்கு அடியில வுட்டேன். அது தென்னந்தொடப்பம். அங்க இரும்பு எத்தினி சூடுன்னு நான் யோசிக்கல. ரெண்டு தள்ளு தள்ளுனேன், மிளகா நகரல, தொடப்பம் குபுக்குனு புடிச்சுக்கிச்சு.

"ஃப்ளேம்," மிஸ்ரா சாரு கத்துனாரு. "பேக் சைடு ஃப்ளேம்."

பாஷ்யம் சாரு அப்படியே தரையில குந்திட்டாரு.

நான் தொடப்பத்தை இழுத்தேன். நுனியில ஒட்டி எரிஞ்சிக்கினு இருந்த நாலு மிளகாயும் கூடவே வந்து கீழ வுழுந்துச்சு. காலால மிதிச்சேன். அந்த நேரத்துல மிச்சம் மிளகா எல்லாம் ஒண்ணா கருகுச்சு போல. நெடின்னா நெடி, அப்படி ஒரு நெடியை நான் பொறந்ததுல இருந்து பாத்ததில்ல. தொண்டையில யாரோ ரம்பம் வச்சு அறுக்குற மாதிரி. மொதல்ல மேடம் தும்முனாங்க. அப்புறம் மிஸ்ரா சாரு இரும ஆரம்பிச்சாரு, நிறுத்தவே இல்ல. "டாக்ஸிக்... டாக்ஸிக் கேஸ்... எல்லாரும் வெளிய"ன்னு இருமலுக்கு நடுவுல நடுவுல சொல்றாரு. மாமா கண்ணைத் தொறக்க முடியாம வால்வு எங்க இருக்குதுன்னு தடவித் தடவி, தப்பா என் மண்டையைப் புடிச்சுத் திருகுனாரு. அப்புறம் வெளிய ஓடிப் போயி மெயின் வால்வை மூடினாரு. டெஸ்டு பாதியில நின்னுபோச்சு.

வாசல்ல புங்க மரத்துக்கு அடியில எல்லாரும் அழுதுக்கினு நின்னோம். எதிர்ல சுப்பண்ணா டீ ஆத்துறதை நிறுத்திட்டு, யாரோ போயிட்டாங்கன்னு நெனைச்சு, துண்டை எடுத்து இடுப்புல கட்டிக்கினு வந்துட்டாரு. பாஷ்யம் சாரு நெத்தியில இருந்த திருமண் கண்ணீரும் வேர்வையும் சேந்து கரைஞ்சு மூக்கு நுனி வரைக்கும் வந்து நின்னுச்சு. அவரு தொடைக்கல.

மிஸ்ரா சாரு பாட்டில் தண்ணி முழுசும் மூஞ்சியில ஊத்திக்கினு, நெதானமா எழுதுனதைப் படிச்சாரு. பேனல்ல வெடிக்கிற சத்தம். பின்பக்கம் புகை. பின்பக்கம் தீ. கண்ணை எரிக்கிற விஷ வாயு. "இந்த நாலுல ஒண்ணு இருந்தாலே ஃபெயிலு. நான் இருபது வருஷத்துல நாலும் ஒண்ணா பாத்ததில்ல,"ன்னாரு இங்கிலீஷ்ல. பையை எடுத்து தோள்ல மாட்டிக்கினாரு.

பாஷ்யம் சாரு செல்லை எடுத்தாரு. யூனிட்டுக்குப் போன் போடுறாருன்னு தெரிஞ்சுது. அங்க தைக்கிற பொம்பளைங்க காலையில இருந்து காத்துக்கினு இருப்பாங்க. நம்பரை அமுக்காமலே மறுபடி பையில போட்டுக்கினாரு.

அப்ப மேடம் சொன்னாங்க, "சார், ஒரு நிமிசம். பின்பக்க கேமரா வீடியோ பாத்துட்டுப் போங்க. தீ எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியணும்ல."

பின்பக்கம் கேமரா இருக்குறது எனக்குத் தெரியும். தொடப்பம் வுட்டது தெரிஞ்சிடுமேன்னுதான் பயந்தேன். ஆனா ஆண்டவன் எனக்கு அதைவிட பெருசா எடுத்து வச்சிருந்தான். ஃபோகஸு சரியா இருக்குதான்னு பாக்க, அந்தம்மா வீட்டுல இருந்தே காலையில கேமராவை ஆன் பண்ணி வச்சிருக்காங்க. சத்தத்தோட.

ஏசி ரூமுல பெரிய டிவியில எல்லாரும் பாத்தோம். மொதல்ல காலி ஷெட்டு. அப்புறம் நான் வர்றேன். கையில உப்பு மிளகா ஏந்திக்கினு பேனலைச் சுத்துறேன். சாமி ஆடுறவன் மாதிரி கண்ணு பாதி மூடியிருக்குது. குரலு தெளிவா கேக்குது.

"டீக்கடை சுப்பண்ணா கண்ணு, கண்ணு புண்ணா போவ. ஸ்ரீலதா மேடத்தோட முட்டைக் கண்ணு, கருகிப் போவ. எங்க மாமா நொள்ளைக் கண்ணு, எரிஞ்சு போவ. பெங்களூர்ல இருந்து வர்றான் பாரு ஒரு கொள்ளிக் கண்ணன், அவன் கண்ணு அவிஞ்சு போவ. தூ. தூ. தூ."

மேடம் பாகாலாக்காரங்க, வீட்டுல தெலுங்கு, ஆனா தமிழு தண்ணி மாதிரி புரியும். அந்த முட்டைக் கண்ணை இன்னும் பெருசாக்கி என்னைப் பாத்தாங்க. "ஏமிரா டில்லி, நா கண்ணு நீகு முட்டையா?"ன்னாங்க. மாமா செவுத்தைப் பாத்துக்கினு திரும்பி நின்னுட்டாரு, இவன் யாருன்னே எனக்குத் தெரியாதுன்ற மாதிரி.

"வாட் இஸ் ஹீ சேயிங்?" மிஸ்ரா சாரு கேட்டாரு.

நானே ஆரம்பிச்சேன். "சார், ஐ சார். பீப்பிள் ஐ. பேட் ஐ. பேனல் நைஸ், பீப்பிள் சீ, பேனல் ஃபெயில். ஸோ மிளகா, ரவுண்டு ரவுண்டு, ஃபயர், ஐ கோயிங்."

"அண்ட் ஒய் ஆர் யூ ஸ்பிட்டிங் ஆன் தி டெஸ்ட் பீஸ்?"

"டச்சிங் இல்ல சார், ஒன்லி சவுண்டு,"ன்னேன். (டச்சிங்தான்.)

மாமா போயி ஃப்ரேமுக்கு அடியில இருந்து ஒரு இடுக்கியில கருகிப்போன காம்புங்களைப் பொறுக்கி ஒரு தட்டுல கொண்டாந்து வச்சாரு. பின்னாலயே தொடப்பம். மிஸ்ரா சாரு ஒரு காம்பை எடுத்து மோந்து பாத்தாரு. மறுபடி இருமினாரு. ரொம்ப நேரம் என்னையே பாத்தாரு. நான் போலீஸு கூப்புடப் போறாருன்னு நெனைச்சேன்.

"ஹவ் மெனி?"

"கால் கிலோ சார்."

"எங்க அம்மா ஏழுதான் போடுவாங்க,"ன்னாரு இங்கிலீஷ்ல. மூஞ்சியில ஒரு மாத்தமும் இல்ல. "ஒன்லி செவன்."

அப்புறம் போயி பேனலைச் சுத்திச் சுத்திப் பாத்தாரு. பின்பக்கம் மிளகாப் புகை படிஞ்சு கறுப்பா இருந்துச்சே தவிர, தகடு அப்படியே இருந்துச்சு. ஓட்டை இல்ல, தையல் பிரியல. ஆனா பாதியில நின்ன டெஸ்டுக்கு பாஸும் கெடையாது ஃபெயிலும் கெடையாது, இது செல்லாதுன்னாரு. "இன்னொரு பீஸ் இருக்கா?"

"இருக்கு சார், இருக்கு," பாஷ்யம் சாரு வாசலுக்கு ஓடுனாரு. ஆட்டோவுல ஸ்பேர் ஒண்ணு வந்திருந்துச்சு.

"சாப்பாடு முடிச்சிட்டு செய்யலாம். இவன் உள்ள இருக்கக் கூடாது."

அன்னைக்கு மத்தியானம் புளியோதரை டப்பாவை யாரும் என் பக்கம் தள்ளல. நானும் கேக்கல. மேடம் என் சட்டைப் பை, பேண்ட்டுப் பை எல்லாத்தையும் தட்டிப் பாத்துட்டு, என்னை வெளிய தள்ளி கதவைச் சாத்துனாங்க.

புங்க மரத்துக்கு அடியில குந்திக்கினு இருந்தேன். உள்ள பர்னர் இரையுற சத்தம் ஆரம்பிச்சுது. கொஞ்ச நேரத்துல கதவு தொறந்துச்சு. பாஷ்யம் சாரு வெளிய வந்தாரு. உள்ள நின்னு பாக்க தைரியம் இல்ல போல. என் பக்கத்துல வந்து நின்னாரு. அடிப்பாருன்னு நெனைச்சு கொஞ்சம் நகந்தேன்.

"ஏன்டா, இஞ்சினீரிங் படிச்சவன் நான். எத்தனை ராத்திரி கண்ணு முழிச்சு அந்தத் தையலை மாத்தினேன் தெரியுமா? நீ என்னடான்னா மிளகாயைக் கொண்டு வந்து..."

"தப்புதான் சார்."

"என் கண்ணு சொன்னியாடா அதுல?"

"உங்க கண்ணு சொல்லல சார். நீங்கதான் பெத்தவரு. பெத்தவங்க கண்ணு கணக்குல சேராது."

உள்ள சத்தம் ஓடிக்கினே இருந்துச்சு. அவரு வாட்சைப் பாத்தாரு. கதவைப் பாத்தாரு. அப்புறம் என் பக்கம் குனிஞ்சு, யாரும் கேக்காத மாதிரி கேட்டாரு.

"மிளகா மிச்சம் இருக்காடா?"

"எல்லாம் போட்டுட்டேன் சார்."

"உப்பு?"

உப்பும் இல்ல. ஆனா சுப்பண்ணா கடையில ஆம்லேட்டுக்கு வச்சிருப்பாரு. ஓடிப்போயி ஒரு புடி வாங்கியாந்தேன். பேனலுக்குப் பக்கத்துல போவ முடியாது, அதனால பாஷ்யம் சாரையே நிக்க வச்சு சுத்துனேன். "சீக்கிரம் சுத்துடா, யாராவது பாத்துடப் போறா,"ன்னு கண்ணை மூடிக்கினு நின்னாரு, மூக்கு நுனியில திருமண் காஞ்சுபோயி. சுத்துன உப்பை நெருப்புல போடாம, தீயணைக்கிற வாளித் தண்ணியில கரைச்சு வுட்டோம். அனுபவம்னு ஒண்ணு வந்துடுச்சில்ல.

பர்னர் சத்தம் நின்னுச்சு. மாமா வெளிய வந்தாரு. மூஞ்சியைப் பாத்து ஒண்ணும் தெரியல, காலையில இருந்து அழுத மூஞ்சி. பாஷ்யம் சாரு வாளியைப் புடிச்சுக்கினே நின்னாரு.

"பதினஞ்சு நிமிசம் முழுசா நின்னுச்சு சார்," மாமா சொன்னாரு. "பின்னால ஒரு பொட்டுப் புகை இல்ல."

பாஷ்யம் சாரு செல்லை எடுத்து யூனிட்டுக்குப் போட்டாரு. "அலோ, லட்சுமியா? பாஸாயிடுத்தும்மா,"ன்னாரு. அந்தப்பக்கம் பொம்பளைங்க போட்ட கூச்சல் புங்க மரம் வரைக்கும் கேட்டுச்சு. நான் அப்ப கண்ணைத் தொடைச்சிக்கினது மிளகா நெடியிலதான். அப்படித்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்குறேன்.

வீட்டுக்குப் போற வரைக்கும் பைக்குல மாமா ஒரு வார்த்தை பேசல. வீட்டுக்குள்ள செருப்பைக் கழட்டுறதுக்கு முன்னாடியே அக்காகிட்ட ஒண்ணு வுடாம கொட்டிட்டாரு. நொள்ளைக் கண்ணு உட்பட. அக்கா முருங்கைக்கீரை உருவிக்கினே பூரா கேட்டா. முடிஞ்சதும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டா.

"நெடி வந்துச்சா?"

"வந்துச்சாவா? அந்த பெங்களூருக்காரரு மூக்கு ப்ளேன்ல இன்னும் ஒழுகிக்கினு இருக்கும்."

"அப்ப திருஷ்டியே இல்ல," அக்கா கீரைக் காம்பை என் மேல வீசுனா. "கண்ணு பட்டிருந்தா நெடியே வராது. எரிஞ்சதே தெரியாம போவும். ஒண்ணுமில்லாததுக்கு என் மிளகா டப்பாவைக் கவுத்துட்டு வந்து நிக்குது பாரு, அறிவு கெட்டது."

இப்பவும் அதே ஷெட்டுலதான் இருக்குறேன். வேலையில இருந்து தூக்கல, ஆனா என் கையில தொடப்பம் தர்றதில்ல. பாஷ்யம் சாரு யூனிட்டு நல்லா ஓடிக்கினு இருக்குது. அவரு செஞ்ச தடுப்பு எந்தெந்த ப்ளேன்ல போவுதுன்னு எங்க யாருக்கும் தெரியாது. எங்க அக்கா வீடு ரேணிகுண்டா ரோட்டுல இருக்குறதால, எறங்குற ப்ளேன் எல்லாம் மொட்டை மாடிக்கு மேலதான் போவும். எங்க வீட்டுல ஒரு பழக்கம் வந்துடுச்சு. சோறு துன்னுக்கினு இருந்தாலும் சரி, சீரியலு பாத்துக்கினு இருந்தாலும் சரி, மேல ப்ளேன் சத்தம் கேட்டா போதும், எல்லாரும் ஒண்ணா இருமுவாங்க. அக்கா பொண்ணுதான் மொதல்ல ஆரம்பிக்கும். எங்க நைனா ஊருல இருந்து வந்தாக்கூட, காது சரியா கேக்காத மனுசன், மத்தவங்களைப் பாத்து லேட்டா இருமுவாரு.

போன மாசம் எனக்குக் கல்யாணம் ஆச்சு. மறுநாள் அக்கா வீட்டுல விருந்து. இலையில குந்தினதும் ப்ளேன் வந்துச்சு, மொத்தக் குடும்பமும் இருமிச்சு. புதுப்பொண்ணு பயந்துபோயி எல்லாருக்கும் தண்ணி கொண்டாற ஓடிட்டா. அப்புறம் அவளைக் குந்த வச்சு மாமா முழுக் கதையும் சொன்னாரு. தூ தூ தூவோட.

நேத்து நான் அவகிட்ட, நான் மட்டும் இல்லேன்னா அந்த லேப்பே ஓடாதுன்னு பெருமையா அளந்துக்கினு இருந்தேன். வானத்துல ப்ளேனும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவ துணி மடிச்சுக்கினே, லேசா ஒரு தடவை இருமினா.